ஆறாவது ஓசை

வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குப் பட்டறைக்காரன் அதைத் திரையில் பார்த்தான். பெட்டியை மூடிவிட்டு மறுபடி திறந்தான். மறுபடியும் ஐந்துதான்.

'குகைவீரன்' விளையாட்டில் பெட்டி திறந்தால் ஒரு மெட்டு வரும். இருபத்தாறு வருடமாக வருகிறது. எட்டுப் பாகம் வெளியாகி ஒன்பதாவது வரப்போகிற இந்த நேரத்துக்குள் வீரனின் மூஞ்சி மாறிவிட்டது, மண்வெட்டி மாறிவிட்டது, குகைக்குள் வெள்ளம்கூட வந்துவிட்டது. மெட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. மொத்தம் ஆறே ஓசை. படி ஏறுவது போல ஐந்து ஏறி, ஆறாவது உச்சியில் ஊசி மாதிரி நிற்கும். மூன்று நொடிகூடக் கிடையாது. பேருந்தில் யாருடைய போனிலாவது அது அடித்தால் நாலு பேர் தலையாவது திரும்பும்.

அந்த மெட்டைச் சரிபார்ப்பதுதான் அவன் வேலை. ஒன்பதாம் பாகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் வீரனைக் கொண்டுபோய் நிறுத்தி, பெட்டியைத் திறந்து, மெட்டு முழுசாக வருகிறதா என்று ஹெட்போனில் கேட்டு, தாளில் டிக் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். "சம்பளம் குடுத்து விளையாடச் சொல்றானா? எனக்கும் ஒரு சீட்டு போட்டு வை மாமா" என்று மச்சினன் இளித்தான். ஒரே பெட்டியை நாலு மாதம் தினமும் திறந்து பார்த்தால் அந்த இளிப்பு எங்கே போகும் என்று தெரியும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அந்த ஆறாவது ஓசை பட்டறைக்காரன் காதில் விழாது.

பன்னிரண்டு வருடம் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் நின்றவன் அவன். நிமிடத்துக்கு நாற்பது அடி. காதில் பஞ்சு வைத்துக்கொள் என்பார்கள். பஞ்சு வைத்தால் பக்கத்து மெஷின்காரன் "கையை எடுறா" என்று கத்துவது கேட்காது. விரலா காதா என்று வந்தபோது அவன் விரலைக் காப்பாற்றிக்கொண்டான். பட்டறையை மூடிய அன்று பத்து விரலும் இருந்தன. காதில் கீழ் ஓசைகள் மட்டும் மிச்சம் இருந்தன. பறவை, விசில், அழைப்பு மணி எல்லாம் போயிருந்தன. மனுசப் பேச்சில் பாதியை வாயசைவைப் பார்த்து நிரப்பிக்கொள்வான். திரும்பவும் பிரஸ்ஸுக்குப் போனால் இருக்கிற மிச்சமும் மூன்று வருடத்தில் காலி என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வேலை போனால் அவனுக்குத் தெரிந்த வேறு வேலை பிரஸ் ஒன்றுதான்.

இங்கே சேரும்போது காதுச் சோதனை வைத்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஓசை கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். வெளியே இருந்த பெண் ஒவ்வொரு தடவை ஓசை விடும்போதும் அவள் தோள் ஒரு நூல் அளவு இறங்கியது. தோள் இறங்கும்போதெல்லாம் இவன் அழுத்தினான். "அருமையான காது" என்று எழுதிக் கொடுத்தாள்.

வேலையையும் அதே மாதிரிதான் ஓட்டினான். சோதனைக் கருவியில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஓசை வர வர அதில் கோடு மாட்டுத் திமில் மாதிரி எழும்பி அடங்கும். ஆறு ஓசைக்கு ஆறு திமில். மற்றவர்கள் அந்த ஜன்னலை எரிச்சல் என்று மூடிவைத்திருப்பார்கள். இவன் அதை மட்டும்தான் பார்ப்பான். நாலு மாதத்தில் ஒரு பிழைகூட விட்டதில்லை.

இன்றைக்குத் தண்ணீர் நிறைந்த அறைகளில் ஐந்து திமில்தான் இருந்தது.

தண்ணீர் அறைகள் மொத்தம் முப்பத்தெட்டு, எல்லாமே அவன் பங்கு. புதன்கிழமை வந்த புதுப் பதிப்பில் ஒலிக்காரர்கள் தண்ணீருக்குள் சத்தம் அமுங்கிக் கேட்கிற மாதிரி ஏதோ செய்திருந்தார்கள். முதல் ஏழு அறையைப் பார்த்தான். ஏழிலும் கடைசித் திமில் இல்லை. வெளியே வந்து தரை அறை ஒன்றில் திறந்தான். ஆறு திமில் கிண்ணென்று நின்றது.

சாயங்காலம் நாலு மணிக்குப் பதிப்பை மூடுகிறார்கள். அதற்கப்புறம் தொடமுடியாது, அப்படியே கடைக்குப் போகும்.

போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே? மேற்பார்வை பார்க்கும் அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒலிப் பிழை என்றால் சொல்கிறவன் ஒரு காது, கூட ஒருத்தர் காது, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். திரையை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டுவாள். "எங்க போகுது, சொல்லுங்க" என்பாள். இதுவரை அவன் பிடித்ததெல்லாம் கீழ் ஓசைப் பிழைகள், அவை காதிலும் விழும். ஆறாவதைத் திரை இல்லாமல் அவன் எப்படிச் சொல்வது?

முதலில் இரண்டாவது காதைத் தேடினான். பக்கத்து நாற்காலியில் சுண்டெலி இருந்தாள். நாள் முழுக்க பிஸ்கட் கொறிப்பதால் அந்தப் பெயர். அவளே அதை மேசையில் எழுதி ஒட்டியிருந்தாள்.

"இதைக் கொஞ்சம் கேளும்மா. கடைசி ஓசை வருதா?"

ஹெட்போனை மாட்டினாள். தலையை மூன்று தரம் ஆட்டினாள். "வருதே அண்ணே. டிங்னு உச்சியில."

"நல்லாக் கேட்டியா?"

"என்னண்ணே, என்னைப் போய்க் கேக்கறீங்க? மூணு வயசுல இருந்து கேக்கறேன். எங்கம்மா குரலை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்."

எதிர் வரிசைச் சோடாபுட்டியிடம் கொடுத்தான். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டான், கண்ணாடி காதை மறைப்பது போல. "சூப்பரா வருது. உங்களுக்கு என்ன சந்தேகம்?"

"சும்மாதான்."

"சும்மாவா? சும்மா இருந்தா டீ வாங்கிட்டு வாங்க."

பட்டறைக்காரன் தன் இடத்தில் உட்கார்ந்தான். இரண்டு நல்ல காது 'வருகிறது' என்கிறது, ஒரு ஜன்னல் 'இல்லை' என்கிறது. ஒருவேளை ஜன்னல்தான் பொய்யோ? கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உலகத்தில் யார் கேட்டாலும் தெரிந்துவிடும், அவனைத் தவிர.

பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தான். இரண்டு பேர் கேட்டுச் சொல்லிவிட்டார்கள், அவன் மேல் என்ன குற்றம்? ஆனால் நாளைக்கு லட்சம் பேர் கேட்பார்கள். எவனாவது ஒருத்தன் தண்ணீர் அறையில் மெட்டு மொண்ணையாக இருக்கிறது என்று எழுதுவான். அடுத்த நிமிடம் முப்பத்தெட்டுத் தாளையும் உருவிப் பார்ப்பார்கள், முப்பத்தெட்டிலும் இவன் கையெழுத்து. அப்போது கண்ணாடிக் கூண்டில் மறுபடி உட்காரவைப்பார்கள். இந்தத் தடவை தோள் தெரியாத மாதிரி.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினான். பட்டறையில் கரண்டு போகிற நாட்கள் நினைவுக்கு வந்தன. மெஷின் எல்லாம் நின்ற பிறகும் அரை மணி நேரம் அந்த அடி காதுக்குள் விழுந்துகொண்டே இருக்கும். கையைக்கூடப் பயந்து பயந்துதான் உள்ளே நீட்டுவார்கள். நின்றுபோனது என்று கண்ணுக்குத் தெரியும், காது ஒப்புக்கொள்ளாது. கரியைத் துடைத்துக்கொண்டே ஒருத்தன் "மெஷின் நின்னாலும் மண்டை நிக்கலடா" என்பான்.

டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். மூன்று வயதிலிருந்து கேட்கிறவளுக்கு ஐந்து போட்டால் ஆறாவதை அவள் மண்டையே போட்டுக்கொள்ளும். அந்த மெட்டை வாழ்க்கையில் கேட்காத ஆள் வேண்டும். இந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு ஆளுக்கு எங்கே போவது?

மாடிப்படி ஓரத்தில் துடைக்கிற அக்கா வாளியில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். எட்டு மாதமாக இந்தத் தளத்தைத் துடைக்கிறவர். எல்லோரும் ஹெட்போனுக்குள் வேலை செய்கிறார்கள். ஒரு ஓசை வெளியே வந்ததில்லை.

"அக்கா, உங்க வீட்டுல யாராவது வீடியோ கேம் விளையாடுவாங்களா?"

"வீட்டுல டிவியே செத்துப்போய் ஒரு வருசம் ஆச்சு. ஏன்?"

"ரெண்டு சத்தம் போடறேன். ஒரே மாதிரி இருக்கான்னு மட்டும் சொல்லணும்." அவரை வாளியோடு தன் மேசைக்குக் கூட்டிவந்து ஹெட்போனை நீட்டினான்.

"இந்தக் கருமத்தைத் தலைல மாட்டணுமா? தலைமுடில சிக்கிக்கும்." திட்டிக்கொண்டே கையைப் புடவையில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். முதலில் தரை அறை மெட்டைப் போட்டான், பிறகு தண்ணீர் அறை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னொரு தரம் போடு." போட்டான். "ஒண்ணு இல்லப்பா. முதல்ல இருந்தது மேல ஏறி முடிஞ்சுது. ரெண்டாவது, தும்மல் வர்ற மாதிரி வந்து வராமப் போகுமே, அப்படி நின்னுபோச்சு. கடைசிப் படில காலே வைக்கல." ஹெட்போனைக் கழற்றினார். "இதைப் போய் என்கிட்ட கேக்கறே. ஏன் தம்பி, உனக்குக் கேக்கலையா?"

யாரும் இதுவரை நேராகக் கேட்டதில்லை. கவனம் இல்லை என்பார்கள், திமிர் என்பார்கள், மந்தம் என்பார்கள்.

"கேக்கலக்கா."

"அழுக்கு அடைச்சிருக்கும்."

"அழுக்கு இல்லக்கா. பட்டறை."

அவர் தலையாட்டினார். "எங்க வீட்டுக்காரருக்கு முதுகு" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த படிக்கட்டுக்குப் போனார்.

அவன் மேற்பார்வை அம்மாவின் அறைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு ஐம்பது. அவன் எதிர்பார்த்த மாதிரியே அவள் திரையை அணைத்தாள், கண்ணை மூடிக் கேட்டாள்.

"வருதே."

"இல்ல மேடம்."

"வருதுங்கறேன். ஒரு மணி நேரம்தான் இருக்கு, விளையாடறீங்களா?"

"மேடம், முதல் அஞ்சை வெட்டிட்டு கடைசித் துண்டை மட்டும் போடுங்க." படியேறி வரும்போதுதான் இது அவனுக்குத் தோன்றியிருந்தது.

முறைத்துக்கொண்டே வெட்டினாள். போட்டாள். அவள் முகம் மாறவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பிறகு முகம் வெளுத்தது. அதே சத்தத்தில் தரை அறைத் துண்டைப் போட்டதும் தூக்கிவாரிப்போட்டது போல ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஐயோ" என்றாள். "எத்தனை அறை?"

"பார்த்த வரைக்கும் ஏழும் அப்படித்தான். மிச்சம் முப்பத்தொண்ணு."

உடனே ஒலிக்காரர்களுக்குப் போன் போட்டாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அந்தப் பக்கம் ஒரே ரகளை. யாரோ யாரையோ திட்டினார்கள். பத்து நிமிடத்தில் சரிசெய்து அனுப்புகிறோம் என்றார்கள். அவள் போனைப் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். "மொத்த ஆபீசும் கோட்டை விட்டதைப் புடிச்சிருக்கீங்க. என்ன காதுய்யா உங்களுக்கு!"

சிரித்துவிட்டால் போதும். தலையைச் சொறிந்து சிரித்துவிட்டு வெளியே போனால் போதும்.

போனில் இருந்த ஆள் மறுபடி பேசினான், இந்தத் தடவை அவள் போனைக் காதில் வைத்துக் கேட்டுத் திருப்பிச் சொன்னாள்: "அவங்க காதை அவங்களே நம்ப முடியாதாம். சரிபண்ணி அனுப்பினதும் நீங்கதான் கேட்டு ஓகே சொல்லணுமாம். நீங்க சொன்னா பதிப்பை மூடிடுவாங்க."

ஓகே சொல்லிவிடலாம். ஜன்னலில் ஆறு திமில் வந்தால் சொல்லிவிடலாம். ஆனால் திமில் இருந்து ஓசை கீறலாக இருந்தால்? உடைந்த தகரம் மாதிரி இருந்தால்? திமிலில் அது தெரியாது. பட்டறையில் கை உள்ளே இருக்கும்போது "போடு" என்று சொல்கிற வேலை இது.

"மேடம், நான் ஓகே சொல்ல முடியாது."

"ஏன்?"

"எனக்கு அந்த ஓசை கேக்காது."

"தண்ணி அறைலதானே?"

"எந்த அறைலயும். சேர்ந்த நாள்ல இருந்து."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலைப் பற்றிச் சொன்னான், துடைக்கிற அக்கா கேட்டுச் சொன்னதைப் பற்றியும். கூண்டைப் பற்றியும் சொன்னான், தோளைப் பற்றியும். சொல்லும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், பதில் எப்போது ஆரம்பிக்கும் என்று.

"நாலு மாசமா கேட்டுப் பார்த்தேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"திங்கக்கிழமை மேல கூப்பிட்டுக் கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம் மேடம்."

"உங்களை என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. நிஜமாத் தெரியல." இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "அந்தத் துடைக்கிற அம்மா எங்க? அவங்களைக் கூட்டிட்டு வாங்க, ஓசை சுத்தமா இருக்கான்னு அவங்க கேக்கட்டும். நீங்க போய் முப்பத்தெட்டையும் ஜன்னல்ல பாருங்க. ஓடுங்க."

ஓடினான். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் நனைந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். சுண்டெலியும் சோடாபுட்டியும் பட்டறைக்காரன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். செய்தி அதற்குள் பரவியிருந்தது. யாரும் அவனிடம் பேசவில்லை. பேசியிருந்தாலும் முதுகுக்குப் பின்னால் பேசியது அவனுக்குக் கேட்டிருக்காது.

ஹெட்போனை மாட்டவில்லை. மேசை மேல் கிடந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தான். ஆறு. ஆறு. ஆறு. கழுத்து நரம்பு இழுத்தது. திங்கட்கிழமை வரவேண்டியது வரட்டும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. கண்ணுக்குள் பிரஸ் மெஷின் ஏறி இறங்கியது. ஆறு. ஆறு.

மூன்று நாற்பத்தெட்டுக்கு முப்பத்து நாலாவது அறை. வீரன் மூழ்கிப் போய்ப் பெட்டியைத் திறந்தான். ஐந்து.

"வருதே..." என்று ஆரம்பித்த சுண்டெலி, ஜன்னலைப் பார்த்ததும் வாயில் இருந்த பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

அவன் எழுந்து நின்றான். "இங்க ஒண்ணு விட்டுப்போச்சு!" என்றான். எவ்வளவு சத்தமாகச் சொன்னான் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தளத்தில் ஹெட்போன் மாட்டியிருந்த அத்தனை பேரும் தலையைத் திருப்பினார்கள்.