நாலு கூறாய்ப் போன கோபுரம்

"எறங்கியிருக்கணும்" என்று ரோச் அத்தான் சொன்னபோது என் கையில் சூடான சுக்குக் காப்பி இருந்தது. அதை அவர் சட்டையில் ஊற்றாமல் கீழே வைத்தேனே, அதற்கே எனக்குப் புண்ணியம் உண்டு.

என்ன சங்கதி என்று கேட்பீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

நாற்பத்தெட்டாம் வருசம், ஐப்பசி. சென்னையிலிருந்து ரயிலில் எங்களுக்கு ஒரு புத்தகம் வந்து இறங்கியது. பெயர் 'மூன்று தலைமுறைக் கோபுரம்'. எழுநூறு வருசத்துக்கு முன்னால் பிரான்சு தேசத்தில் ஒரு பிரம்மாண்டமான மாதா கோயிலைக் கட்டிய கதை. தலையணைக்குப் பதிலாக வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். தனியாக வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லாததால் நாலு வீடாகச் சேர்ந்து வாங்கினோம். நானும் என் அண்ணன் தனராஜும் ஒரு வீடு. துறைமுக ரோட்டில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் உடன்குடி நல்லக்கண்ணு அண்ணாச்சி ஒரு வீடு. காயல்பட்டணத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற மூஸா நெய்னா ஒரு வீடு. நாலாவது, கொழும்புக்கு உப்பு ஏற்றிப் போகிற தோணியில் தண்டலாக இருந்து தோணியையும் ஆட்களையும் நடத்துகிற ரோச்.

ரோச் எனக்குத் தூரத்து முறையில் அத்தான். அவருக்குத்தான் என்னைப் பேசியிருந்தார்கள். வீட்டில் பேசுவதற்கு ரொம்ப முன்னாலேயே நான் மனசுக்குள் பேசி முடித்துவிட்டேன் என்பது அவருக்கே தெரியாது. ஒரே ஒரு பயம்தான் எனக்கு. நான் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கலியாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன். "அதுக்கென்ன" என்று தலையாட்டினாராம். பெண் பேசும்போது எந்த ஆம்பிளைதான் தலையாட்டவில்லை?

புத்தகத்துக்கு வருகிறேன். யார் முதலில் படிப்பது என்று கடையில் ஒரே ரகளை. அப்போது ரோச் அத்தான்தான் அந்த அருமையான யோசனையைச் சொன்னார். "எதுக்குச் சண்டை போடுதிய? கூறு வச்சிருவோம்!"

எங்கள் கரையில் மீனை அப்படித்தான் பங்கு வைப்பார்கள். வலையில் பாடு வந்து கரை சேர்ந்ததும் மீனைக் கூறு கூறாகக் குவிப்பார்கள். ஆளுக்கொரு அடையாளச் சிப்பி கொடுப்பார்கள். ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு கூறுக்கு ஒரு சிப்பியைப் போடுவார். எந்தக் கூறில் உன் சிப்பி விழுகிறதோ அது உனக்கு, மறுபேச்சு கிடையாது. புத்தகத்தையும் பைண்டரிடம் கொடுத்து நாலாக வெட்டி, கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் அடுக்கி, சிப்பி போட்டோம். நாலு பேரும் படித்து முடித்த பிறகுதான் கூறு மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வேறு. மீனில் எந்தக் கூறு வந்தாலும் குழம்பு ஒன்றுதான். கதை அப்படியா? அந்தப் புத்தி ஒருத்தருக்கும் வரவில்லை. தினமும் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கும் வரவில்லை, போங்கள்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கடையில் கூடினோம். முதல் கூறு கிடைத்த அண்ணாச்சி கொதித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கொத்தன் ஜாக்கு சரியான களவாணிப் பய! ஊரு பணத்தையெல்லாம் வாங்கி வருசக்கணக்கா அஸ்திவாரம்னு குழிக்குள்ள கல்லாப் போடுதான். ஒரு செவுரு எந்திரிச்சிருக்கா? நானா இருந்தா கழுத்தப் புடிச்சித் தள்ளியிருப்பேன்."

இரண்டாவது கூறுக்காரரான மூஸா காக்கா துள்ளி எழுந்தார். "அல்லாவே, அந்த மனுசரையா களவாணிங்கிறிய? அவரு மவுத்தான எடத்தைப் படிச்சிட்டு எனக்குச் சோறு எறங்கலியே!"

"செத்துட்டானா?" அண்ணாச்சி வாயில் போட்ட வெற்றிலையைத் துப்பிவிட்டார். "ஏன்வே சொன்னீரு? நான் இன்னும் குழிக்குள்ளயே கெடக்கேன்!"

இருவரும் கட்டிப் புரளாத குறை. நான் பொறுக்க முடியாமல் நடுவில் புகுந்தேன். என் கூறு மூன்றாவது. ஜாக்கின் மகள் மார்த்தாவின் கதை. சாரத்திலிருந்து விழுந்து புருசன் சாகிறான். கொத்தனார்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மார்த்தா பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு தானே மேலே ஏறிக் கல் வைக்கிறாள். அவளுக்கு அப்போது என் வயசைவிட நாலைந்து கூட இருக்கும். பெண்பிள்ளை கோபுரத்தில் நிற்கலாமா, உடனே இறங்கு என்று ராசா ஆள் அனுப்புகிறான். 'மார்த்தா கீழே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து' என்ற இடத்தில் பைண்டர் கத்தியைப் போட்டுவிட்டான்! பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதுகூட எனக்கு அதே நினைப்பு.

கடைசிக் கூறு ரோச் அத்தானிடம். "அத்தான், மார்த்தா எறங்கினாளா?" என்று கேட்டேன்.

"எங்க எறங்கினா! கீழ நின்னு அம்புட்டுப் பேரு கெஞ்சுதாவ, கேக்கவே மாட்டேங்கா. எறங்கியிருக்கணும். வீட்டுல இருக்க வேண்டிய மனுசிக்கு அங்கன ஏறி என்ன சோலி?"

என் உடம்பெல்லாம் எரிந்தது. ஆக, தலையாட்டினதெல்லாம் சும்மா! நாளைக்கு என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து இப்படித்தான் இறக்கி வீட்டில் உட்கார வைப்பார். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, சாமிகிட்டப் போயி ஓலை வாசிக்க வேண்டாம்னு சொல்லிரு" என்றேன். "எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்."

எங்கள் மாதா கோயிலில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. அடுத்த ஞாயிறு எங்கள் முதல் ஓலை. அதைத் தவறவிட்டால் மூன்றும் முடிவதற்குள் கிறிஸ்துமசுக்கு முந்தின ஆகமன காலம் வந்துவிடும். அது முடிகிற வரைக்கும் கோயிலில் கலியாணம் கிடையாது. ரோச் அத்தானின் அம்மா பொறுக்கிறவள் அல்ல. கீழவைப்பாரில் ஒரு பெண் இருக்கிறது என்று அப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

அத்தான் திருதிருவென்று விழித்தார். "நான் என்னளா சொல்லிட்டேன்?" என்று கேட்டவரைத் திரும்பிப் பார்க்காமல் நான் தெருவில் இறங்கி நடந்தேன். மறுநாள் விடியற்காலை அவருடைய கூறை மெழுகுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தோணி ஏறிவிட்டார்.

"கிறுக்கச்சி! ஒரு கதைக்காகவா நல்ல மாப்பிள்ளைய வேண்டாங்க?" என்று அண்ணன் அந்த வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்தான். கதைக்காக இல்லை என்று அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது? பள்ளிக்கூடத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பித் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். அவ்வளவு ஆசை வைத்திருந்தேன் அந்த மனுசன் மேலே. ஆனாலும் வாக்கு மாறவில்லை. நான் வீம்புக்காரி.

சனிக்கிழமை காலையில் தோணி வந்தது. அத்தான் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வந்துவிட்டாராம். அண்ணன் ஓடிவந்து என்னைத் தரதரவென்று இழுத்துப் போனான். உப்புப் படிந்த வேட்டியோடு நின்றுகொண்டிருந்தவர் தம்முடைய கூறை என் கையில் திணித்தார்.

"கூறு மாத்தக் கூடாதுன்னு சட்டம்லா?" என்று அண்ணாச்சி இழுத்தார்.

"சட்டம் கெடக்கட்டும். போயிட்டு வாரதுக்குள்ள ரெண்டு வாட்டி படிச்சிட்டேன் அண்ணாச்சி. என்ன தப்புன்னு வெளங்கல. ஏளா, நீயே படி. படிச்சிட்டு என்னை ஏசு."

திறந்தேன். முதல் வரி: 'மார்த்தாவுக்கு அந்த வருடம் எழுபத்தொன்பது வயது.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதினவர் ஒரே தாவலில் நாற்பத்தைந்து வருசத்தைத் தாண்டிவிட்டார்! ராசா என்றைக்கோ செத்துப்போயிருந்தான். மார்த்தாவுக்குக் கண் தெரியவில்லை. மழையில் நனைந்து, இருமிக்கொண்டு, கடைசிக் கல்லைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்று மேலே நிற்கிறாள். கீழே பேரன் அழுகிறான்.

"இந்தக் கெழவியையா எறங்கச் சொன்னீரு?"

"பின்னே? வேற எந்த மார்த்தா?"

கடையே அதிரும்படி மூஸா காக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பயம் பாதிதான் போயிருந்தது. இளவயசு மார்த்தாவைப் பற்றி இந்த மனுசன் என்ன நினைப்பார்? அது தெரிய வேண்டும். ஓடிப்போய் என் கூறை எடுத்துவந்து அவர் மடியில் போட்டேன். "இதைப் படியும். படிச்சிட்டு அப்புறம் சொல்லும்."

அவர் ஒரு சிப்பத்தில் உட்கார்ந்தார். எதிரே இன்னொரு சிப்பத்தில் நான் அவருடைய கூறோடு உட்கார்ந்தேன். கருப்பட்டி வாங்க வந்தவர்களை அண்ணாச்சி, "இன்னைக்கு யாவாரம் இல்ல, போங்க" என்று விரட்டினார். மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து படித்தோம். மார்த்தாவின் புருசன் விழுந்த இடத்தில் அத்தான் லேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெயில் சாயும் நேரத்தில் கடைசிப் பக்கத்துக்கு வந்தவர் குதித்து எழுந்தார்.

"ராசாவா? எவன்லே ராசா? அவ வச்ச கல்லு, அவ நிக்கா! எறங்கவே கூடாது. சாகுற வரைக்கும் எறங்கக் கூடாது!"

என் நெஞ்சு குளிர்ந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நானும் அப்போதுதான் கடைசிப் பக்கத்தை முடித்திருந்தேன். "என்னது, எறங்கக் கூடாதா? எழுபத்தொன்பது வயசுல, குளிர் மழையில! அந்தப் பேரன் என்ன பாடுபடுதான்! கண்டிப்பா எறங்கியிருக்கணும்" என்று நானும் கத்தினேன்.

"நீதானளா போன வாரம்..."

"நீருதான போன வாரம்..."

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏ பாவியளா, நான் இன்னும் அஸ்திவாரத்தத் தாண்டல. நான் செவியப் பொத்திக்கிடுதேன், மெதுவாச் சண்டை போடுங்க!"

அத்தான் மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சரி, ஒண்ணு சொல்லுதேன். நீயும் இப்பிடித்தான் கெழவியான பொறவும் பள்ளிக்கூடத்த விடமாட்ட, மழைன்னும் பாக்க மாட்ட. நான் கீழ நின்னு எறங்கு எறங்குன்னு கத்த மாட்டேன். கொடைய எடுத்துக்கிட்டு நானும் ஏறி வருவேன். போதுமா?"

அண்ணாச்சி, காக்கா எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் ஓவென்று அழுதேன். அண்ணன் பதறிப்போய், "என்னளா, இன்னும் என்ன?" என்று கிட்டே வந்தான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்க? நாளைக்கு முதல் ஓலை வாசிக்காண்டாமா? சாமி பங்களா அடைக்கதுக்குள்ள ஓடுண்ணே, ஓடு!" என்று அவனைப் பிடித்துத் தெருவில் தள்ளினேன்.