நீர்மட்டத்துக்குக் கீழே

எங்கள் வீட்டில் போர்க்கப்பல்கள் சாப்பாட்டு மேசையில்தான் உருவாகின்றன. மரத்தைச் செதுக்கிக் கப்பலின் உடலைச் செய்வது என் வீட்டுக்காரர். மெல்லிய பித்தளைக் கம்பியை நறுக்கி வேலி, ஏணி, ஆண்டெனா எல்லாம் ஒட்டுவது நான். வாங்குகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கும் வசதியானவர்கள். ஓர் ஏணி கோணினால் போதும், ஊரைக் கூட்டிவிடுவார்கள்.

அந்தக் கப்பலைக் கேட்டு ஆர்டர் வந்தபோது அவர் முடியவே முடியாது என்றார். எங்கள் ஒரே மகன் எஞ்சின் மெக்கானிக்காக இருந்த கப்பல் அது. போன வருடம் நடுக்கடலில் தீப்பிடித்து மூழ்கியது. அவன் உடல் கிடைக்கவில்லை. தப்பி வந்த அவன் கூட்டாளி ஒருவன் வாசலிலேயே நின்று இவரிடம் ஏதோ பேசிவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். உள்ளே வந்தவர், "தீப்பிடிச்சப்போ அவன் கீழ எஞ்சின் ரூம்ல இல்லையாம். காத்து வாங்க மேல்தளத்துக்கு வந்திருக்கான். கடல்ல குதிச்சிருப்பான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்களை, உயிரோடிருப்பவனுக்கு என்ன அழுகை என்று முகத்திலடித்தாற்போல் சொல்லி அனுப்பினேன். இந்த ஆர்டரையும் சண்டை போட்டுத்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன். மேல்தளத்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

கப்பல் தயாரானது. மேலே சாம்பல் நிறம். எஞ்சின் அறை இருக்கும் அடிப்பாகம், தண்ணீருக்குள் கிடப்பது, சிவப்பு. பின்தளத்து வேலியை ஒட்டிவிட்டு விரலை வைத்துப் பார்த்தேன். என் நகத்தளவுகூட உயரமில்லை. பிள்ளை நன்றாக நீந்துவான். யாராவது படகுக்காரன் தூக்கியிருப்பான், பாஷை தெரியாத ஊரில் ஏதோ ஆஸ்பத்திரியில் கிடப்பான், எழுந்து வருவான். தினமும் இதைச் சொல்வேன், அவர் "ம்" கொட்டுவார். பேச்சில் அவர் என்றைக்குமே கஞ்சன்தான்.

பிறகு வாங்குகிறவர் போன் செய்தார். பீடத்தில் நிற்கிற கப்பல் வேண்டாமாம், கடலில் போகிற மாதிரி வேண்டுமாம். பிளாஸ்டிக்கில் கடல் அவரே செய்து வைத்திருக்கிறாராம். அப்படியென்றால் சிவப்புப் பாகத்தை அறுத்து எறிய வேண்டும்.

என் வீட்டுக்காரர் கப்பலைக் கவிழ்த்து இறுக்கிவைத்து, சாம்பலும் சிவப்பும் சேரும் கோட்டின்மேல் ரம்பத்தை வைத்தார். நான் துணி துவைத்து உலர்த்திவிட்டு வந்து பார்த்தால் ரம்பம் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் அதைப் பிடித்தபடியே நின்றிருந்தார். கிழவராகிவிட்டீர்கள் என்று கேலி செய்தேன். உள்ளே வெறும் கட்டைதானே, இதற்குப் போய் இத்தனை யோசனையா என்றேன்.

"தள்ளுங்க, நான் அறுக்கறேன்" என்று ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். சிவப்புத் தூள் மேசையில் உதிர்ந்தது. அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மெதுவாம்மா" என்றார். "பையன் உள்ளதான் இருக்கான்."

ரம்பத்தை என்னால் முன்னேயும் தள்ள முடியவில்லை, பின்னேயும் இழுக்க முடியவில்லை. அதுவரைக்கும் எனக்கு ஒரு மகன் இருந்தான்.