காத்திருக்கட்டுமா?

1

இந்தக் கதை கூலிக்கு ஒப்புக்கொண்ட வேலையில் பிறந்தது. ஓய்வுபெற்ற அட்மிரல் ஒருவர் தன் கடற்படை வாழ்க்கையைப் புத்தகமாக்க என்னைப் பிடித்திருந்தார். "மொதல்ல கப்பல். குடும்பத்தையெல்லாம் கடைசி அத்தியாயத்துல பாத்துக்கலாம்" என்றார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

"சர்க்கரை போட்டியா?" என்று கேட்டார் அட்மிரல். பதில் இல்லை. அந்த அம்மாள் ஊமை என்றே நினைத்தேன். மாடிப்படியில் எலக்ட்ரீஷியனிடம் அவர் வாய் ஓயாமல் பேசுவதைக் கேட்கும்வரை.

2

முதல் தொடக்கம்: "அன்று கடல் கண்ணாடி போல..." (வேண்டாம். கடல் எழுத்தாளர்களுக்கு மட்டும்தான் அப்படி இருக்கும்.)

இரண்டாவது: "பயிற்சிக் கப்பலின் தளம் தேய்த்தவர், படிப்படியாக உயர்ந்து..." (இது பிரிவு உபசார உரை.)

மூன்றாவது: அவர் கேப்டனாக இருந்தபோது ஒரு போர்ப்பயிற்சி. அவர் கப்பல் ஒளிய வேண்டும், மற்ற கப்பல்கள் தேட வேண்டும். வயர்லெஸ்ஸில் வருவதைக் கேட்கலாம். பதில் அனுப்பினால் இருக்குமிடம் தெரிந்துவிடும். (கண்ணாமூச்சி என்று எழுதியிருந்தேன். அட்மிரல் முகம் சுளித்தார், எடுத்தேன். வீட்டுக்கு வந்து திரும்பவும் போட்டேன்.)

வயர்லெஸ்காரர் ஒரு தாளுடன் மேலே வந்தார். கேப்டனின் மனைவி அனுப்பிய செய்தி. "பாப்பா போய்விட்டாள். காத்திருக்கட்டுமா?"

கிளம்பும்போது மகளுக்கு வெறும் காய்ச்சல்தான்.

"பதில் போடட்டுமா சார்? பயிற்சிதானே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கேப்டன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வரைபடத்தைப் பார்த்து, கப்பலைத் தெற்கே திருப்பச் சொன்னார். பயிற்சி முடியும்வரை அந்தக் கப்பலை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குக் கிடைத்த பாராட்டில் தொடங்கிய ஏற்றம் அட்மிரல் பதவியில் போய்த்தான் நின்றது.

3

இந்த ஆளை நான் நம்பவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் தாளை மடித்ததைச் சொல்லும்போது அவர் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. போட்டிருந்தது பனியன், அதில் பை கிடையாது. கை துழாவிக்கொண்டே இருந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

4

அந்த அம்மாள் வாசல்வரை வந்தார்.

"எல்லாத்தையும் எழுதுறீங்களாமே தம்பி. நான் கேட்டதுக்கு என்ன சொல்லியிருப்பார்னு கேட்டு எழுதுங்க. ரெண்டு நாள் ஆஸ்பத்திரில அவ பக்கத்துலயே உக்காந்திருந்தேன். இனிமே வெச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க. நானே தனியா சுடுகாட்டுக்குக் கொண்டுபோனேன். அதுக்கப்புறம் அவர் எது கேட்டாலும் பதில் சொல்ல எனக்கு வாய் வரல. காத்திருன்னிருப்பாரா, வேண்டாம்னிருப்பாரா, அது தெரிஞ்சா போதும்."

5

கேட்டேன்.

"காத்திருன்னு போடுங்க" என்றார் அட்மிரல். எழுதினேன்.

"இல்ல. அப்ப அவ காத்திருக்கலைன்னு ஆயிடும். வேண்டாம்னு போடுங்க."

அடித்துவிட்டு எழுதினேன்.

"அப்ப நான் வர்றதாவே இல்லைன்னு ஆயிடும்." கொஞ்ச நேரம் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எழுத்தாளர்தானே. ஏதாவது போடுங்களேன்."

பிறகு அழுதார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கவில்லை.

6

முடிவு (அ): அவர் எழுந்து சமையலறைக்குப் போய், "மன்னிச்சிடும்மா" என்கிறார். அவள் குழாயை மூடிவிட்டு... (மூடவில்லை. எத்தனை முறை எழுதினாலும் அந்தக் கை குழாய்க்குப் போகமாட்டேன் என்கிறது.)

முடிவு (ஆ): அவர் இறந்துபோகிறார், அவள் கடைசியாக அவர் காதருகே குனிந்து... (சீ. இது எனக்கே பிடிக்கவில்லை.)

7

அச்சகத்தில் அந்த ஒரு பக்கத்துக்காக நிற்கிறார்கள். என்னால் முடியவில்லை. ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். ஒரு சொல் போதும். கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள், அந்த அம்மாளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

காலியாக விடுவதென்றாலும் விடலாம். ஆனால் அந்தப் பதில் அந்த அம்மாளுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.