கோணிச் சட்டை

1974ஆம் ஆண்டு விபூதிப் புதனன்று, தவக்காலத்தின் முதல் நாளில், மாதா கோயில் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: அந்தக் காலத்தில் பாவம் செய்தவர்கள் தவக்காலம் முழுக்கக் கோணி உடுத்தி, தலையில் சாம்பலோடு கோயில் வாசலில் நிற்பார்களாம். ராஜாக்கள்கூட ஊருக்குத் தெரியாமல் பட்டுக்கு அடியில் ஆட்டுமயிர்ச் சட்டை போட்டுக்கொள்வார்களாம். “இப்போது அதெல்லாம் வேண்டாம், மனம் திருந்தினால் போதும்” என்றும் சொன்னார். அது மட்டும் என் காதில் ஏறவில்லை.

காரணம் மணவாளன். கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் என்னோடு வேலை பார்ப்பவன். அதற்கு ஒரு வாரம் முன்பு, தூக்குவதற்காக நான் சங்கிலிக் கொக்கி மாட்டிய கம்பிக்கட்டு நழுவி அவன் இடது கையில் விழுந்துவிட்டது. கொக்கியை நான்தான் சரியாக மாட்டவில்லை என்று எனக்குள் உறுத்தல். வெளியே சொல்லப் பயம். வீட்டிலிருந்த அரிசிக் கோணியில் கழுத்துக்கு ஓட்டை போட்டு, சட்டைக்குள் மாட்டிக்கொண்டேன். உலைக்குப் பக்கத்தில் வேலை, வெளியே மாசி வெயில். என் புத்தியை என்ன சொல்ல!

பதினேழாம் நாள் ஷிப்ட் முடிந்து வரும்போது, கேட்டில் வாட்ச்மேன் குப்புராஜ் என்னைத் தடவிப் பார்த்தார்.

“இன்னா ராயப்பா, உள்ள இரும்பு கிரும்பு வச்சிக்கினு போறியா? கழட்டு சட்டைய.”

கழற்றினேன். கோணியைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதையும் கழற்றச் சொன்னார். புண்ணாகிக் கிடந்த மார்பைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. லீவு கடிதம் கொடுக்க வந்திருந்த மணவாளன் கையில் கட்டோடு அங்கேயே நின்றான். இனிமேல் என்ன மறைப்பது?

“கொக்கிய நான்தான் சரியா மாட்டலடா. உன் கைக்கு நான்தான் காரணம்” என்று அழுதுவிட்டேன்.

மணவாளன் தலையைக் குனிந்துகொண்டான். “நீ மாட்டினது கரீட்டுதான்டா. நீ டீக்குப் போனப்புறம் நான்தான் அத்தக் கழட்டி அவசரத்துல மாத்தி மாட்டினேன். சொன்னா வேலை பூடும்னு கம்முனு இருந்துட்டேன். நீ இப்டி பேஜாரு பட்டுக்கினு இருக்கறது எனக்குத் தெரியாதுடா.”

குப்புராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் காதுல வியலப்பா. கெளம்புங்க ரெண்டு பேரும்.”

எனக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

ஸ்டேஷனில் ரயில் வரும்வரை மணவாளன் தன் நல்ல கையால் என் முதுகைச் சொறிந்துவிட்டான்.