ஒரே ஒரு குடும்பம்

எங்கள் ஆய்வுப் பிரிவில் பொருளாதாரத்தைக் கணிக்க இரண்டு மாடல்கள். பெரியதற்கு நாங்கள் வைத்த பெயர் மகாராஜா. நாட்டு மக்கள் அத்தனை பேரையும் ஒரே ஒரு குடும்பமாக வைத்துக்கொண்டு, வட்டி ஏறினால் அந்தக் குடும்பம் என்ன செய்யும், ஏன் செய்யும் என்று அட்சரம் பிசகாமல் சொல்லும். சின்னதன் பெயர் வாண்டு. தொழிற்சாலைகளுக்கு போன் போட்டுக் கேட்ட பதில்களையும் பழைய புள்ளிவிவரங்களையும் வைத்து அடுத்த ஆறு மாதத்தைச் சொல்லும். ஏன் என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும்.

இந்தத் தடவை வட்டி ஏறியபோது இரண்டும் முட்டிக்கொண்டன. லேசான தொய்வுதான் என்றது மகாராஜா. மரச்சாமான் தொழிலில் ஐந்தில் ஒருவருக்கு வேலை போகும் என்றது வாண்டு.

"காரணம் சொல்லத் தெரியாததை எடுத்துக்கிட்டு எப்படிம்மா மேல போய் நிக்கிறது?" என்றார் பிரிவுத் தலைவர். வாண்டின் கணிப்பை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அடிக்குறிப்பாகச் சுருக்கினேன்.

அதே வாரம் அண்ணன் போன் செய்தான். மர நாற்காலித் தொழிற்சாலையில் அவனுக்குப் பன்னிரண்டு வருஷம். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டிருந்தது.

"போகட்டுமா, இருக்கட்டுமா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"பயப்படாம இருண்ணா" என்றேன். காரணம் சொல்ல முடியாத பயத்தை அவன் தலையில் ஏன் ஏற்றவேண்டும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன்.

நான்கே மாதத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். கட்டில் கம்பெனி அதற்குள் வேறு ஆளை எடுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். யாரோ விருந்தாளி வருவதுபோல அண்ணன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உன் மாடல்ல என்னை எங்க வெச்சிருந்தே?" என்று சிரித்தான்.

மறைக்காமல் சொன்னேன். மகாராஜாவின் குடும்பத்தில் தனியாக ஒருவருக்கு மட்டும் வேலை போகாது. எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் குறைவாக வேலை செய்வார்கள், அவ்வளவுதான். மிச்ச நேரத்துக்கு அதில் 'ஓய்வு' என்று பெயர்.

"ஓய்வா? சரிதான், ஜாலியா ஓய்வெடுத்துக்கிட்டிருக்கேன்." அவன் குரலில் கோபமே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அடுப்படியிலிருந்து வந்த அண்ணி எனக்காகப் பரிந்து பேசினாள்.

"அது தப்பாச் சொன்னா அவ என்ன பண்ணுவா? படிச்சவங்க எல்லாருமே ஏமாந்திருக்காங்க. வேற எதுவும் சரியாச் சொல்லலை, இல்லையாம்மா?"

தலையை ஆட்டிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு சொல்லுச்சு அண்ணி. மரச்சாமான் தொழில்னு பேரைச் சொல்லியே சொல்லுச்சு."

"எப்போ?"

"அண்ணன் போன் பண்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."