பெட்டியடியில் கிடந்த தந்தி

"அந்தக் காயிதத்த இங்கன குடுங்க, யக்கா—"

"தரமாட்டேன்லே. எங்கப்பா செத்த தந்தி இது—"

"எங்கப்பா பெட்டியில கிடந்தது!"

"அதத்தான் நானும் கேக்கேன். அங்கன எதுக்குக் கிடந்தது?"

தச்சநல்லூர் வீட்டுக் கூடத்தில், எண்பத்துமூன்று வயது ஞானம்பாள் தந்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். எதிரே சித்தப்பா மகன் திருஞானசம்பந்தம், முன்னாள் தாசில்தார். பழைய இரும்புக்குப் போட எடுத்த தகரப்பெட்டியின் அடியில் அவன் மனைவி வேணிதான் தந்தியைக் கண்டெடுத்தாள். இங்கிலீஷில் என்னவோ இருக்கிறதே என்று டீச்சராயிருந்த ஞானம்பாளிடமே நீட்டியும் விட்டாள்.

1945 நவம்பரில் வந்த தந்தி. சிப்பாய் குமரவேல், பசிபிக் கடல் தீவொன்றில், ரபவுல் என்ற இடத்தில், ஜப்பானியரின் கைதியாக இறந்துவிட்டார்.

"பெரியப்பா என்ன, நாட்டுக்காகவா செத்தாரு? வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேந்தவருதானே!"

"ஆமா, சேந்தாரு. வெள்ளைக்காரன் சிங்கப்பூர்ல கையத் தூக்கிட்டான். ஜப்பான்காரன் கப்பல்ல ஏத்தி அந்தத் தீவுல குகை தோண்ட விட்டுக் கொன்னான். தீவு என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? முந்தி ஜெர்மன்காரன், பொறவு ஆஸ்திரேலியாக்காரன். எல்லாரும் அடுத்தவன் வயலுக்கு வேலி போட்டவனுக. உங்கப்பாவும் அதத்தான் செஞ்சாரு."

"வார்த்தைய அளந்து பேசுங்க!"

அண்ணன் வரட்டும், பாகம் பிரிப்போம் என்று சொல்லிச் சொல்லியே சித்தப்பா களக்காட்டுப் பூர்வீக வயலை முழுதாக ஆண்டார். அம்மையோ பொட்டும் பூவுமாக வாசலையே பார்த்திருந்து, 1993-இல் கண்ணை மூடினாள். சுமங்கலி என்றே எடுத்துப் போனார்கள். வயல் போனது போகட்டும். சித்தப்பா தெரிந்துதான் மறைத்தாரா? ஞானம்பாளுக்கு அந்த ஒன்று தெரிந்தாக வேண்டும்.

"அப்பாவுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. பட்டாளத்துக் காயிதம்னு உள்ள போட்டிருப்பாரு. செத்த மனுஷன் மேல பழி போடாதீங்க."

ஞானம்பாளின் கை பைய இறங்கியது. தமிழில் கையெழுத்துப் போடவே கால்மணி நேரம் எடுப்பார் சித்தப்பா. ஒருவேளை இவன் சொல்வதுதான் நிஜமோ?

காப்பி கொண்டுவந்த வேணி சமாதானம் பேச வந்தாள். "தெரியாமத்தான் இருந்திருக்கும் மைனி. மாமாவுக்குப் பெரியத்தைன்னா அம்புட்டுப் பிரியம். அவுக செத்த அன்னைக்கு அழுத அழுகை இருக்கே! நான் குங்குமம் எடுக்கப் போனதக்கூடத் தாங்கல."

"என்ன குங்குமம்?"

"பெரியத்தை நெத்திக் குங்குமந்தான். கை நீட்டினேன், தட்டிவிட்டுட்டாக. 'நீ எடுக்காத தாயி, உள்ள போ'ன்னாக."

அந்த நாள் ஞானம்பாளுக்கு நன்றாக நினைவிருந்தது. சுமங்கலியாகச் செத்தவளின் நெற்றிக் குங்குமம் தன் தாலிக்குக் காவல், கைம்பெண்ணுடையதானால் அந்தத் தாலிக்கே கேடு என்று நம்பும் தெருப் பெண்கள் நெருக்கியடித்து எடுத்து வைத்துக்கொண்டார்கள். தலைமாட்டில் நின்ற சித்தப்பா ஒருத்தியையும் தடுக்கவில்லை.

திருஞானசம்பந்தத்தின் முகம் வெளிறியது. "வேணி, நீ உள்ள போ."

"அவ நிக்கட்டும்லே. ஊர்ப் பொம்பளைக அத்தன பேரையும் எடுக்க விட்ட மனுஷன், உம் பொஞ்சாதி கைய மட்டும் எதுக்குலே தட்டிவிட்டாரு? உன் உசுருக்குப் பயந்தா?"