கொளஞ்சிநாதன் எந்நேரம் தூங்குவார்?

சுரங்க வேலையிலிருந்து கொளஞ்சிநாதன் ரிடையர் ஆகப்போகிறார். ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வடக்குத்து ஊரில் வாங்கிப் போட்ட மனையிலோ அஸ்திவாரத்துக்கு மேல் ஒரு கல் ஏறவில்லை. எல்லாம் மருமகள் எழில்மதியின் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருந்தது.

செங்கல்லா, அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த சாம்பல் கல்லா? அவள்தான் ஆராய்ச்சிக்காரி. ஒரு வீடு கட்டும் நாள்முதல் இடிக்கும் நாள்வரை காற்றில் எவ்வளவு கரியைக் கலக்கிறது என்று கணக்குப் போடுவது அவள் பிழைப்பு. “எம் மருமவ சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது” என்று மாமனார் சொந்தபந்தத்தையெல்லாம் அடக்கி வைத்திருந்தார். அந்த நம்பிக்கைக்காகவே அவள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

கணக்கு பிடி கொடுக்கவேயில்லை. இரண்டு கல்லுக்கும் கரியில் வித்தியாசம் கடுகளவு, ஏசி ஓடுவதால் வரும் கரிதான் மலையளவு. மாமனாருக்கு மூன்று ஷிஃப்ட்டும் பார்த்துப் பழகிய உடம்பு. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பட்டப்பகலில் ஏசியைப் போட்டுக் குறட்டை விடுவார். இனி ஷிஃப்ட் இல்லை. பகலில் தூங்குவாரா, ராத்திரியிலா, இரண்டிலுமா? சாமிக்கே வெளிச்சம்.

எந்தக் கல்லை இறக்குவது என்று கொத்தனார் பழனிசாமி மறுபடி போன் செய்ததும், லேப்டாப்பும் கையுமாக மாமனார் முன்னால் போய் நின்றாள்.

“கல்லு எதுன்னாலும் ஒண்ணுதான் மாமா. நீங்கதான் கணக்குல அடங்க மாட்டேங்கிறீங்க.”

“நான் என்னாம்மா பண்ணேன்?”

“ரிடையர் ஆனப்புறம் எந்நேரம் தூங்குவீங்க?”

மாமியார் அமிர்தம் அடுப்படியிலிருந்து சிரித்தாள். “லீவு நாள்லயே பகலெல்லாம் தூங்கிக்கினுதான கெடக்குறாரு!”

“எனக்கே தெரியலியேம்மா” என்றார் அவர் பாவமாக. பிறகு அவள் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார். “இந்த ஏசிய எத்தினி வருசத்துக்குப் போட்டிருக்க?”

“வீட்டுக்கு ஆயுசு அறுபது வருஷம் மாமா. அதுவரைக்கும்.”

“எனக்கு இப்பவே அறுபது. நூத்தியிருவது வயசு வரைக்கும் என்னத் தூங்க வுட்டிருக்கியா?” என்று சிரித்தார்.

எழில்மதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆய்வேட்டைத் திருத்தும் பரீட்சகர் பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். அவசரமாக அறுபதை அழிக்கப் போனாள். அழித்துவிட்டு எதைப் போடுவது? பதினைந்தா? இருபதா? மற்ற எல்லா எண்ணுக்கும் கூடினால் இவ்வளவு, குறைந்தால் இவ்வளவு என்று கூசாமல் போட்டவள்தான். இதற்கு விரல் எழவில்லை. பின்னால் நின்ற மாமனாரும் இப்போது சிரிக்கவில்லை.

“சாம்பல் கல்லு பக்கத்துலயே கிடைக்குது மாமா. அதையே இறக்கச் சொல்லிடுங்க.”

“சரிம்மா. அந்த அறுவதுல எதுனா கொறைக்கணுமா?”

“வேணாங்க மாமா” என்று லேப்டாப்பை மூடினாள். “அது அப்படியே இருக்கட்டும்.”